டிரான்ஸ்மிஷன் டெம்பரேச்சர் கேஜின் சென்சாரை எங்கே பொருத்துவது? வேகக் கார்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரே காரில், ஒரே நிமிடத்தில், ஒரே ஆயிலின் வெப்பத்தை மூன்று இடங்களில் அளந்தால் மூன்று வெவ்வேறு எண்கள் கிடைக்கும். எஞ்சினின் ஆற்றலை ஆயில் வழியாக டிரான்ஸ்மிஷனுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரை விட்டு வெளியேறும் குழாயில் 120 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது, டிரான்ஸ்மிஷனின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பேனில் 90 டிகிரியும் கூலரைக் கடந்து திரும்பும் குழாயில் 70 டிகிரியும் இருக்கக்கூடும். மூன்றும் சரியான அளவுகளே. ஆனால் எந்த இடத்தின் எண்ணைப் பார்க்கிறோம் என்பது தெரியாமல் கேஜைப் பார்ப்பது கேஜே இல்லாமல் ஓட்டுவதைவிட ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் அது பொய்யான நிம்மதியைத் தருகிறது. எனக்கு நன்கு தெரிந்த ஒரு காரில், பொருத்துவதற்கு எளிதாக இருந்தது என்பதற்காகவே, சென்சாரைத் திரும்பும் குழாயில் மாட்டியிருந்தார்கள். கோடை முழுவதும் முள் 160 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டவேயில்லை. பேனைக் கழற்றிய நாளில் ஆயில் பழுப்பாகிக் கருகிய வாடை வீசியது. கேஜ் கூலரின் திறமையை அளந்துகொண்டிருந்ததே தவிர, டிரான்ஸ்மிஷனின் நிலையை அளக்கவில்லை.

இந்த வழிகாட்டி, அமெரிக்க வி8 கார்களில் டிராக் பந்தயத்துக்கும் சாலைக்கும் பயன்படும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன்களைப் பற்றியது. 1964இல் அறிமுகமான ஜெனரல் மோட்டார்ஸ் டர்போ 400ஐ முதன்மை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஃபோர்டின் சி4, சி6, கிரைஸ்லரின் 727 டார்க்ஃபிளைட் ஆகியவற்றில் மாறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

வெப்பம் எங்கே பிறக்கிறது?

ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷனில் தோன்றும் வெப்பத்தின் பெரும்பகுதி டார்க் கன்வர்ட்டருக்குள்தான் பிறக்கிறது. எஞ்சினோடு சுழலும் பம்ப் சக்கரத்துக்கும், கியர் பக்கம் சுழலும் டர்பைன் சக்கரத்துக்கும் வேக வேறுபாடு இருக்கும்வரை, இடையிலுள்ள ஆயில் அரைபட்டு, எஞ்சினின் ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாக மாறிக்கொண்டே இருக்கும். 3,500 ஆர்பிஎம் ஸ்டால் வேகமுள்ள, அதாவது டர்பைன் நின்றிருக்கும்போது எஞ்சினை அந்த வேகம்வரை சுழலவிடும், கன்வர்ட்டரை மாட்டிய காரை நகரத்தில் 2,000 ஆர்பிஎம்மில் ஊர்ந்து ஓட்டும்போது இந்த வழுக்கல் ஓயாமல் நடக்கிறது. டிரான்ஸ்மிஷனை உள்ளேயே பூட்டிக் காரை நிறுத்திவைக்கும் டிரான்ஸ்பிரேக்கைப் பிடித்தபடி புறப்படக் காத்திருக்கும் சில நொடிகளிலோ, டர்பைன் நின்றுவிட, எஞ்சின் தரும் ஆற்றல் முழுவதும் கன்வர்ட்டரில் உள்ள சில லிட்டர் ஆயிலில் இறங்குகிறது.

அந்தச் சூடான ஆயில் கேஸின் பக்கவாட்டிலுள்ள இணைப்பு வழியாக வெளியேறி, கூலருக்குச் சென்று, குளிர்ந்து திரும்பி, முதலில் புஷ்களுக்கும் கியர்களுக்கும் மசகாகப் பயன்பட்டு, பிறகே பேனில் சொட்டுகிறது. பம்ப் பில்டர் வழியாகப் பேனிலிருந்து ஆயிலை மீண்டும் உறிஞ்சுகிறது. ஆக, வெளியேறும் குழாய் ஆயில் அடையும் உச்ச வெப்பத்தைக் காட்டும். திரும்பும் குழாய் மிகக் குறைந்த வெப்பத்தைக் காட்டும். பேன் எல்லாம் கலந்த சராசரியைக் காட்டும். இந்தச் சுற்றை மனத்தில் வைத்துக்கொண்டால் சென்சார் இடம் பற்றிய விவாதங்களில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

நான்கு இடங்கள், நான்கு பொருள்கள்

பேன்: கிளட்சுகளையும் சீல்களையும், ஆயிலை உரிய இடங்களுக்குத் திருப்பிவிடும் வால்வு பாடியையும் சென்றடையும் ஆயில் இங்கிருந்துதான் புறப்படுகிறது. பழைய டெக்ஸ்ரான் வகை ஆயில்களுக்கு இத்துறையில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் வரம்புகளும் பெரும்பாலும் பேன் வெப்பத்தைக் கருதிச் சொல்லப்பட்டவையே. 175 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 80 டிகிரி செல்சியஸ், இயல்பான வெப்பம். அதற்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும். 240இல் வார்னிஷ், அதாவது கெட்ட ஆயிலின் பிசின் படலம், படியத் தொடங்கும். 260இல் சீல்கள் இறுகும். 295க்கு மேல் கிளட்ச் தட்டுகள் வழுக்கும். இவை ஆய்வுக்கூடத் துல்லியம் கொண்டவை அல்ல, அனுபவ வழிகாட்டிகள். ஆனால் இவற்றோடு ஒப்பிட வேண்டுமென்றால் பேனில்தான் அளக்க வேண்டும். பேனின் குறை, அது மெதுவாகவே அசைவது. கன்வர்ட்டரில் ஏற்படும் உச்சம் பேனை எட்டுவதற்குள் அந்த ஓட்டமே முடிந்துவிட்டிருக்கும்.

வெளியேறும் குழாய்: இதைச் சூடான லைன் என்று அழைப்பது வழக்கம். கன்வர்ட்டர் இந்த நொடியில் என்ன செய்கிறது என்பதை இது உடனே காட்டும். டிரான்ஸ்பிரேக்கைப் பிடித்த சில நொடிகளில் முள் 280, 300 ஃபாரன்ஹீட் என்று தாவுவது இங்கே வியப்பில்லை. இதைப் பேனின் வரம்புகளோடு ஒப்பிட்டு அஞ்சுவோர் பலர். அது தேவையற்ற அச்சம். ஆனால் இந்த இடத்துக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு: குழாய் உடைந்தோ அடைத்தோ ஓட்டம் நின்றுவிட்டால், சென்சாரின் மேல் சூடான ஆயில் பாயாது, டிரான்ஸ்மிஷன் வெந்துகொண்டிருக்கும்போது முள் கீழே இறங்கும்.

திரும்பும் குழாய்: கூலர் போதுமானதா என்று சோதிக்கத் தற்காலிகமாகப் பயன்படுத்தலாம். நிரந்தரமான ஒரே கேஜுக்கு இந்த இடத்தை நான் எந்நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேஸிலுள்ள அழுத்தச் சோதனைத் துளை: டர்போ 400இன் இடப் பக்கத்தில் 1/8 என்பிடி எனப்படும் கூம்புக் குழாய் மரை கொண்ட துளை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அடைப்பானைக் கழற்றிச் சென்சாரைத் திருகினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அது முட்டுச் சந்து போன்ற துளை. அங்கே அழுத்தம் உண்டு, ஓட்டம் இல்லை. சென்சார் பெரும்பாலும் சுற்றியுள்ள அலுமினிய உடலின் வெப்பத்தையே காட்டும். பேனை ஒட்டிய எண்ணாக இருந்தாலும் தாமதமாகவே வரும். பேனைக் கழற்ற இயலாதவர்களுக்கு இது ஏற்கத்தக்க சமரசம். பின்னாளில் லைன் அழுத்தத்தை, அதாவது டிரான்ஸ்மிஷனுக்குள் உள்ள ஆயில் அழுத்தத்தை, அளக்கவும் அதே துளை வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

1990களின் 4எல்60இ, 4எல்80இ போன்ற மின்னணுக் கட்டுப்பாட்டு டிரான்ஸ்மிஷன்களில் தொழிற்சாலையே வால்வு பாடியருகே, பேனின் ஆயிலில் மூழ்கியபடி ஒரு சென்சாரை வைத்திருக்கிறது. 1996க்குப் பிந்தைய அமெரிக்கக் கார்களில் பழுதறியும் கருவிகளுக்கான ஓபிடி 2 இணைப்பு வழியாக, ஏற்ற ஸ்கேனர் இருந்தால், அந்த எண்ணைப் படிக்கலாம். எதையும் துளையிடும் முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்வது?

ஒரே ஒரு கேஜ், சாலையிலும் ஓடும் கார் என்றால் பேன். டிரான்ஸ்பிரேக்குடன் பந்தயத்துக்கு மட்டுமே ஓடும் கார் என்றால் சூடான லைன். இரண்டையும் பார்க்க விரும்புவோருக்குச் செலவு குறைந்த வழி உண்டு: ஒரே வகைச் சென்சார்கள் இரண்டை இரு இடங்களிலும் பொருத்தி, இருவழிச் சுவிட்ச் ஒன்றால் ஒரே கேஜில் மாறி மாறிப் படிக்கலாம். நான் மிகவும் விரும்பும் அமைப்பு இதுவே, ஏனெனில் இரண்டு எண்களுக்கும் இடையிலான வேறுபாடுதான் கன்வர்ட்டரையும் கூலரையும் பற்றி அதிகம் சொல்கிறது. சென்சார்கள் கேஜோடு ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். ஒவ்வொருவரின் மின்தடை வளைவும் வேறு, கலந்து மாட்டினால் எண் தவறாகும்.

மெக்கானிக்கல் கேஜா, எலக்ட்ரிக் கேஜா என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். மெக்கானிக்கல் வகையில் சென்சார் குமிழிலிருந்து கேஜ் வரை சுமார் 1.8 மீட்டர் நீளமுள்ள மெல்லிய மூடிய குழாய் ஓடுகிறது. அதை வெட்டவோ நீட்டவோ இயலாது, மடங்கினால் கேஜ் வீண். குமிழும் பெரியது, எனவே பெரிய துளை வேண்டும். டிரான்ஸ்மிஷன் காரின் அடியில் இருப்பதால் பெரும்பாலான கார்களுக்கு 1/8 என்பிடி சென்சாரும் ஒரு கம்பியும் கொண்ட எலக்ட்ரிக் வகையே பொருந்தும்.

பேனில் பொருத்துதல்

முதல் வேலை, இடத்தைக் குறிப்பது. காரை உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தி, எக்ஸாஸ்ட் குழாய், கியர் மாற்றும் இணைப்புத் தண்டு, குறுக்குச் சட்டம் ஆகியவை எங்கே செல்கின்றன என்று அடியிலிருந்து பாருங்கள். சென்சார் பேனின் பக்கச் சுவரில் இருக்க வேண்டும். அடிப்பகுதியில் இருந்தால் சாலையின் ஒரு கல் போதும் அதை உடைக்க. முன்னா பின்னா என்ற கேள்விக்குப் பின்பக்கம் என்பதே என் விடை. கார் சீறிப் புறப்படும்போது ஆயில் பின்னோக்கிக் குவியும், பின்பக்கச் சென்சார் மூழ்கியே இருக்கும். முன்பக்கச் சென்சார் அந்த நொடிகளில் காற்றில் தொங்கலாம். பேன் தரையிலிருந்து 20 முதல் 25 மில்லிமீட்டர் உயரம் பொதுவாக ஏற்றது. அதற்கும் கீழே போனால் கிளட்ச் துகள் படியும்.

பேனைக் கழற்றி ஆயிலை ஓர் அளவுக் கலத்தில் வடித்து, எவ்வளவு வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். டர்போ 400இல் பில்டர் பேனின் பெரும்பரப்பை மூடியபடி இருக்கும். சென்சாரின் முனை 20 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே நீளும் என்பதால் அது பில்டரிலோ வால்வு பாடியிலோ முட்டாது என்பதை உறுதி செய்ய வேண்டும். பேனின் உள்ளே, குறித்த இடத்தில், சென்சாரின் நீளத்துக்குக் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டிப் பேனை மேலே வைத்து, இரண்டு போல்ட்டுகளால் பிடித்து, மீண்டும் இறக்குங்கள். களிமண் நசுங்கியிருந்தால் இடத்தை மாற்ற வேண்டும். பில்டரைத் தொடாமல் 6 மில்லிமீட்டராவது இடைவெளி இருப்பது நல்லது.

இனித் துளையிட்டு, உள்மரை கொண்ட தடித்த இரும்பு வளையத்தை வெல்டிங் செய்ய வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கையைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். பேனைக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் கழுவிவிட்டு வெல்டிங் செய்யவே கூடாது. எஞ்சிய துளிகள் வெல்டிங் வெப்பத்தில் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாறும். மிகச் சிறிய அளவே உயிரைப் பறிக்கவல்லது. சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி, நன்றாக உலர்த்தி, துளையைச் சுற்றியுள்ள பெயின்ட்டைத் தேய்த்தெடுத்த பின்பே வெல்டிங்கைத் தொடங்குங்கள்.

தகட்டுப் பேன் வெப்பத்தில் எளிதாக வளையும், வளைந்த விளிம்பில் எந்தக் கேஸ்கெட்டும் ஒழுகும். பேனை ஒரு தட்டையான தடித்த தகட்டில் எல்லாப் போல்ட் துளைகளிலும் பிடித்துக்கொண்டு, சிறு சிறு புள்ளிகளாக, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி, ஆறவிட்டு ஆறவிட்டு வெல்டிங் செய்தால் இந்தத் தொல்லை வராது. முடிந்ததும் வெல்டிங்கின் வெளிப்புறத்தில் சுண்ணக்கட்டியைப் பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். நுண்துளை இருந்தால் சுண்ணத்தில் ஈரப்புள்ளி தெரியும். வெல்டிங் வசதி இல்லாதவர்கள், சென்சாருக்கென மரைத்துளையோடு வரும் அலுமினிய ஆழப் பேனை வாங்கலாம். கூடுதல் ஆயில் கொள்ளளவும் கிடைக்கும் என்பதால், பணம் இருந்தால் நானும் அதையே வாங்குவேன். ஆழப் பேனுக்கேற்பப் பில்டரையும் நீட்டிக்க வேண்டியிருக்கும்.

சூடான லைனில் பொருத்துதல்

இரண்டு குழாய்களில் எது சூடான லைன் என்பதைக் கண்டறிவதுதான் இங்கே முக்கியம். ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ 350, டர்போ 400, 700ஆர்4 ஆகியவற்றில் பொதுவாகக் கீழுள்ள இணைப்பு வெளியேறுவது, மேலுள்ளது திரும்புவது. ஃபோர்டு சி4, சி6, கிரைஸ்லர் 727 ஆகியவற்றில் முன்பக்க இணைப்பு வெளியேறுவது, பின்பக்கத்தது திரும்புவது. இருந்தாலும் நினைவை நம்பாமல் சோதித்துப் பாருங்கள்: கார் முழுமையாகக் குளிர்ந்திருக்கும்போது எஞ்சினை இயக்கி, இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்த்தால் முதலில் சூடாவது எதுவோ அதுவே வெளியேறும் குழாய். சோதனையை நியூட்ரலில் செய்யுங்கள், சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு. 727இன் பழைய வகைகளில் பார்க் நிலையில் கன்வர்ட்டருக்கு ஆயில் செல்வதில்லை என்பதால் பார்க்கில் இரண்டு குழாய்களும் குளிர்ந்தே கிடக்கும்.

குழாயைக் கழற்றிய இந்த நேரத்தில் இன்னொரு சோதனையையும் முடித்துவிடலாம். திரும்பும் குழாயைக் கூலருக்குப் பின்னால் ஒரு வாளிக்குள் விட்டு, எஞ்சினை ஐடிலில் 20 நொடி இயக்கினால் சுமார் ஒரு லிட்டர் ஆயில் வர வேண்டும் என்பது பட்டறைகளின் அளவுகோல். வரவில்லையென்றால், கேஜுக்கு முன் அடைப்பைக் கவனிக்க வேண்டும்.

சென்சாரைத் தாங்க, 6 ஏஎன் என்னும் அளவுள்ள குழாய்க்கு இடையில் பொருந்தும், 1/8 என்பிடி துளை கொண்ட அடாப்டரைப் பயன்படுத்துங்கள். பழைய டி வடிவ இணைப்பின் கிளையில் சென்சாரைத் திருகினால் அதன் முனை ஓட்டத்தைத் தொடாமல் தேங்கிய ஆயிலில் நிற்கும், எண் குறைவாகவே வரும். முனை ஓட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும், அதேசமயம் குழாயை அடைக்கவும் கூடாது. ஆயில் வழியிலேயே குளிரும் என்பதால் அடாப்டர் டிரான்ஸ்மிஷனிலிருந்து ஒரு கையளவு தூரத்துக்குள் இருக்கட்டும். எக்ஸாஸ்ட் ஹெட்டரிலிருந்து விலகியும் இருக்கட்டும்.

ஜெனரல் மோட்டார்ஸ் கேஸ்களில் உள்ள கூலர் துளைகள் நேர் மரை கொண்டவை; 1/4 என்பிஎஸ்எம் வகை இணைப்பும் வாஷரும்தான் அவற்றுக்கு உரியவை. கூம்பு மரை கொண்ட சாதாரண என்பிடி இணைப்பை அங்கே பலம் கொண்டு முறுக்கினால் அலுமினியக் கேஸ் விரிசல் விடும். சில ரூபாய் மதிப்புள்ள இணைப்புக்காக முழுக் கேஸையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மின்னிணைப்பும் எர்த்தும்

ஒரே கம்பி கொண்ட சென்சார் தன் மரை வழியாகவே எர்த் பெறுகிறது. எனவே மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றாதீர்கள். தேவைப்பட்டால் முனையைத் தொடாமல் திரவ சீலன்ட்டைச் சிறிதளவு தடவலாம். பவுடர் கோட்டிங் செய்த பேனிலும், ரப்பர் குழாய்களுக்கு நடுவே தொங்கும் அடாப்டரிலும் எர்த் பலவீனமாக இருக்கும், அப்போது கேஜ் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். மல்டிமீட்டரில் சென்சார் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மின்தடை கிட்டத்தட்ட சுழியமாக இல்லையென்றால், அடாப்டரிலிருந்து சட்டத்துக்குத் தனி எர்த் கம்பி போடுங்கள்.

சென்சார் கம்பியை வெப்பம் தாங்கும் உறைக்குள் இட்டு, எக்ஸாஸ்டுக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுசென்று, தரைத் தகட்டில் ரப்பர் வளையம் போட்ட துளை வழியாக உள்ளே எடுங்கள். எஞ்சினும் டிரான்ஸ்மிஷனும் முறுக்கத்தில் ஆடும் என்பதால் கம்பியில் சற்றுத் தளர்வு விடுவது அவசியம். கேஜுக்கு இக்னிஷனில் மட்டும் உயிர்பெறும் 12 வோல்ட் இணைப்பும் ஒரு சிறு ஃபியூஸும் போதும்.

கேஜின் இடம்

கேஜைச் சாலையிலிருந்து பார்வையை அதிகம் விலக்காமல் படிக்கக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும். முன்கண்ணாடிப் பக்கத் தூணும், ஸ்டியரிங் கம்பத்தின் மேற்பகுதியும் ஏற்றவை. முழங்காலுக்குக் கீழே தொங்கும் பட்டை ஏற்றதல்ல. பந்தய ஓட்டுநர்கள் கேஜைச் சற்றுச் சுழற்றி, இயல்பான வெப்பத்தில் முள் நேராக மேல்நோக்கி நிற்குமாறு பொருத்துவார்கள். எண்ணைப் படிக்காமலே, முள் சாய்ந்திருப்பதைக் கண் ஓரத்தில் உணர முடியும். இதோடு, பேனில் 240 டிகிரி ஃபாரன்ஹீட்டில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றையும் சேர்ப்பது நன்று. ஓட்டத்தின் நடுவே யாரும் கேஜைப் பார்ப்பதில்லை.

சோதனையும் முதல் ஓட்டமும்

சென்சாரைத் திருகும் முன் ஒரு பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவைத்து, சென்சாரின் உடலை எர்த் செய்து, முனையை நீரில் மூழ்கவையுங்கள். கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களில் கேஜ் 212 டிகிரி ஃபாரன்ஹீட்டை நெருங்கிக் காட்ட வேண்டும். எவ்வளவு விலகுகிறது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். பொருத்திய பின் கேஜ் வேலை செய்யவில்லையென்றால் சென்சார் கம்பியைக் கழற்றுங்கள். வழக்கமான மின்தடை வகைக் கேஜில் முள் குளிர்ந்த முனைக்குச் செல்ல வேண்டும். அதே கம்பியை ஒரு கணம் எர்த்தில் தொட்டால் சூடான முனைக்குத் தாவ வேண்டும். இரண்டும் நடந்தால் கேஜும் கம்பியும் சரி, பழுது சென்சாரிலோ அதன் எர்த்திலோ இருக்கிறது.

வடித்த அளவுக்கு ஆயிலை மீண்டும் ஊற்றி, எஞ்சினை இயக்கி, கியர் லீவரை எல்லா நிலைகளுக்கும் நகர்த்திய பின், நியூட்ரலிலோ தயாரிப்பாளர் சொல்லும் நிலையிலோ டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். குறைவான ஆயிலும் மிகையான ஆயிலும் இரண்டுமே வெப்பத்தை ஏற்றும், மிகையானது நுரைப்பதால்.

முதல் ஓட்டத்தில் அவசரம் வேண்டாம். அரை மணி நேரம் சீராக ஓட்டி, பேன் எண் எங்கே நிலைகொள்கிறது என்று பாருங்கள். 160 முதல் 200 ஃபாரன்ஹீட்டுக்குள் நின்றால் கூலர் போதுமானது. 220ஐத் தொட்டால் கூலரைப் பெரிதாக்கவோ காற்றோட்டத்தைத் திருத்தவோ வேண்டும். 240ஐத் தொட்டால் ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் ஐடிலைச் சற்று உயர்த்திவையுங்கள். உடனே எஞ்சினை அணைத்தால் கூலருக்கு ஆயில் செல்வதும் நின்றுவிடும். பல வேகங்கள் கொண்ட இன்றைய டிரான்ஸ்மிஷன்கள் செயற்கை ஆயிலோடு 200 ஃபாரன்ஹீட்டை ஒட்டி ஓடவே வடிவமைக்கப்பட்டவை என்பதால், இந்த எண்களைப் பழைய டிரான்ஸ்மிஷன்களுக்கு மட்டுமே பயன்படுத்துங்கள்.

பிறகு வெளிவெப்பம், ஓட்டிய விதம், பேன் எண், லைன் எண் நான்கையும் ஒரு குறிப்பேட்டில் பதியுங்கள். லைனுக்கும் பேனுக்கும் இடையிலான வேறுபாடு வழக்கமாக 40 ஃபாரன்ஹீட்டாக இருந்த காரில், அதே சாலையில், அதே வானிலையில் அது 70 ஆனால் கன்வர்ட்டர் முன்பைவிட அதிகம் வழுக்குகிறது. வேறுபாடு மாறாமல் இரண்டு எண்களும் சேர்ந்து ஏறினால் கூலரின் இதழ்களில் தூசி அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் காரை மீண்டும் தாங்கிகளில் ஏற்றி, வெல்டிங்கையும் அடாப்டரின் இரு முனைகளையும் வெள்ளைத் துணியால் துடைத்து ஒழுகல் பார்த்து, பேன் போல்ட்டுகளை ஒருமுறை குறித்த முறுக்குக்கு இறுக்கிவிடுங்கள்.